டிஓ மருத்துவக் கல்லூரி: தகுதி என்ன, உண்மையில் எவ்வளவு பணம் வேண்டும்?

ஓஹையோவில் மூன்றாம் ஆண்டு பயாலஜி படிக்கும் உங்கள் மகளின் ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.45, மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் இன்னும் எழுதவில்லை. வழக்கமான மருத்துவப் பட்டமான எம்டி கிடைப்பது கஷ்டம், ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டமான டிஓ தரும் கல்லூரிகளுக்குப் போடுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். தகுதி என்ன, விண்ணப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "இவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு பிறகு இரண்டாந்தர டாக்டர் என்று ஆகிவிடக் கூடாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விண்ணப்பக் கட்டணம் சில ஆயிரம் டாலரோடு முடிந்துவிடும். நான்கு ஆண்டுப் படிப்புக்கான பணம் எங்கிருந்து வரும், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை முதல் கட்டணம் கட்டுவதற்கு முன்பே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். மருத்துவப் படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கு வழிகாட்டுவதுதான் என் வேலை. அங்கே அடிக்கடி பார்க்கும் சிக்கல்களை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயம். அமெரிக்காவில் டிஓ முழு மருத்துவர். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தச் சிறப்புத் துறைக்கும் போகலாம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874-இல் முன்வைத்த கொள்கையிலிருந்து வளர்ந்த பிரிவு இது. முதல் கல்லூரியை அவர் 1892-இல் மிசௌரியின் கர்க்ஸ்வில்லில் தொடங்கினார். இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் டிஓ கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். பாடத்திட்டம் எம்டி பாடத்திட்டம்தான். அதோடு தசை, எலும்பு, மூட்டுகளைக் கையால் சோதித்துச் சிகிச்சை தரும் பயிற்சி சுமார் 200 மணி நேரம் கூடுதலாக இருக்கும். உறவினர்கள் கூகுளில் தேடிவிட்டு "ஆஸ்டியோபத் என்றால் டாக்டரே இல்லையாமே" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆஸ்டியோபத் என்பவர் மருத்துவர் அல்லர். அது தனித் தொழில். அமெரிக்க டிஓ பட்டம் வேறு.

வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2020-இல் எம்டி, டிஓ இரண்டுக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. கடந்த சில ஆண்டுகளாக டிஓ இறுதியாண்டு மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் 'மேட்ச்' என்ற ரெசிடென்சி ஒதுக்கீட்டில் இடம் பெறுகிறார்கள். ஆனால் அதில் பெரும்பங்கு ஃபேமிலி மெடிசின், இன்டர்னல் மெடிசின், பீடியாட்ரிக்ஸ், எமர்ஜென்சி போன்ற துறைகள். டெர்மடாலஜி, நியூரோசர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரி, ஆர்த்தோ என்று போனால் டிஓ மாணவர்களுக்குக் கதவு குறுகல்தான். மகளுக்கு இப்போதே அப்படி ஒரு துறைதான் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால், ஓராண்டு தள்ளிப்போட்டு மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு எம்டிக்கும் சேர்த்து விண்ணப்பிப்பதை யோசிக்கலாம். நல்ல பொது மருத்துவராக வேண்டும் என்றால் தயங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் புரட்டிப்போடக்கூடியது: மகளின் குடியேற்ற நிலை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நீங்கள் எச்1பி வேலை விசாவிலும் மகள் அதைச் சார்ந்த எச்4 விசாவிலும் இருந்தால் 21 வயது முடிந்ததும் அந்த நிலை போய்விடும். பெரும்பாலானவர்கள் எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். பத்தாண்டுகளாக இங்கேயே பள்ளி, கல்லூரி படித்திருந்தாலும், கல்லூரிகள் அப்போது அவரை வெளிநாட்டு மாணவராகவே எண்ணும். பல டிஓ கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. குறிப்பாக அரசுக் கல்லூரிகள் பல குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்கும். சேர்க்கும் கல்லூரிகளோ பணம் இருப்பதற்கு ஆதாரம் கேட்கும். சில கல்லூரிகள் ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டிவைக்கச் சொல்லும். மத்திய அரசின் கல்விக்கடன் கிடைக்காது. தனியார் கடனுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் இணைக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஆகவே அந்த நிலையில் இருப்பவர் கல்லூரிப் பட்டியலைத் தரவரிசையில் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் "வெளிநாட்டு விண்ணப்பதாரர்" பகுதியைப் படித்து, மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாக உறுதி வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும். கட்டிய விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது.

இனி தகுதி. பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது ஆய்வகத்தோடு கூடிய பயாலஜி 8 செமஸ்டர் கிரெடிட், ஜெனரல் கெமிஸ்ட்ரி 8, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 8, பிசிக்ஸ் 8, ஆங்கிலம் 6. பயோகெமிஸ்ட்ரி 3 கிரெடிட்டை இப்போது பல கல்லூரிகள் கட்டாயமாக்கிவிட்டன. சில கல்லூரிகள் ஆர்கானிக் இரண்டாம் பகுதிக்குப் பதிலாக அதை ஏற்கின்றன. இந்தப் பாடங்களில் சி-க்குக் கீழ் இருந்தால் கணக்கில் வராது. குவார்ட்டர் முறையில் படித்தவர்கள் கிரெடிட்டை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக் கணக்கிட வேண்டும். 12 குவார்ட்டர் கிரெடிட் என்றால் 8 செமஸ்டர் கிரெடிட். இதைக் கவனிக்காமல் ஒரு கிரெடிட் குறைந்து கடைசி நேரத்தில் தவிப்பவர்கள் உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ கல்லூரி படித்தவர்கள் என்றால், அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பீடு வாங்க வேண்டும். அதற்கு மேலும் குறிப்பிட்ட அளவு கிரெடிட்டை அமெரிக்காவில் படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் சொல்கின்றன.

ஜிபிஏ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய தகவல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "டிஓ-வில் பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 2017 வரை அது உண்மை. அந்த ஆண்டு மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு முறை எடுத்த மதிப்பெண்ணும் சராசரியில் சேரும். இரண்டாவது, மகளின் கல்லூரி காட்டும் ஜிபிஏவும் விண்ணப்பத்தில் வரும் ஜிபிஏவும் ஒன்றாக இருக்காது. பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி கல்லூரியில் எடுத்த பாடம் உட்பட எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பத் தளமே கணக்கிடும். அறிவியல் ஜிபிஏ தனியாக வரும். எம்டி விண்ணப்பத்தில் கணிதம் அறிவியலோடு சேரும். டிஓ விண்ணப்பத்தில் சேராது. கால்குலஸிலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸிலும் ஏ வாங்கி, கெமிஸ்ட்ரியில் பி-க்கு இறங்கிய மாணவருக்கு இங்கே அறிவியல் ஜிபிஏ எதிர்பார்த்ததைவிடக் குறையும். ஆகவே டிரான்ஸ்கிரிப்டுகளை (கல்லூரி மதிப்பெண் பட்டியல்களை) எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் போன்ற அறிவியல் பாடங்களை மட்டும் தனியே பிரித்து இன்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டியலை முடிவு செய்வது அந்த எண்தான்.

சேர்ந்தவர்களின் சராசரி சமீப ஆண்டுகளில் ஜிபிஏ 3.6 அருகிலும் எம்கேட் 503, 504 அளவிலும் இருக்கிறது. எம்கேட் 472-இலிருந்து 528 வரை. நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றும் 118-இலிருந்து 132. மகளின் 3.45 சராசரிக்குக் கீழே இருப்பதால் எம்கேட்தான் ஈடுகட்ட வேண்டும். 505-க்கு மேல் வந்தால் நம்பிக்கையோடு விண்ணப்பிக்கலாம் என்பது என் கணிப்பு. 500-க்குக் கீழே வந்தால் அந்த ஆண்டு விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது. பணம் மிச்சம், அடுத்த முறை மறுவிண்ணப்பதாரர் என்ற குறிப்பும் இருக்காது. இந்த இரண்டு எண்களும் விதி அல்ல, அனுபவத்தில் சொல்வது. "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்" என்று மட்டும் போக வேண்டாம். ஓராண்டில் மூன்று முறை, தொடர்ந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுத முடியும். எழுதிய மதிப்பெண் எல்லாம் கல்லூரிக்குத் தெரியும். தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிடும் முழுநீள மாதிரித் தேர்வுகளைத் தேர்வு நேரக் கட்டுப்பாட்டோடு எழுதட்டும். கடைசி மூன்றின் சராசரி இலக்கைத் தொடவில்லை என்றால் தேதியைத் தள்ளிவைக்கலாம்.

பரிந்துரைக் கடிதங்களில் நம் குடும்பங்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சித்தப்பா கார்டியாலஜிஸ்ட், அத்தை பீடியாட்ரிஷியன், அவர்களிடமே கடிதம் வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். உறவினர் கடிதம் செல்லாது. பொதுவாகத் தேவைப்படுவது அறிவியல் பேராசிரியர்கள் இருவர், ஒரு மருத்துவர். அந்த மருத்துவர் டிஓ-வாகவே இருக்க வேண்டும் என்று சில கல்லூரிகள் கட்டாயப்படுத்தும், மற்றவை விரும்பும். ஓஹையோவில் டிஓ-க்கள் நிறைய இருக்கிறார்கள், கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் இரண்டு நாள் மருத்துவரோடு நின்று பார்த்துவிட்டுக் கேட்கும் கடிதம் நான்கு வரியில்தான் வரும். சில மாதங்கள் இடைவெளி விட்டு விட்டுப் போய், நோயாளிகளோடு மகள் எப்படிப் பேசுகிறார் என்று அந்த மருத்துவர் பார்த்திருந்தால்தான் எழுத ஏதாவது இருக்கும். இன்டர்வியூவில் "ஏன் டிஓ?" என்ற கேள்வி தவறாமல் வரும். "எம்டி கிடைக்கவில்லை" என்பது பதிலாகாது. முதுகுவலியோடு வந்தவரை டிஓ கையால் சோதித்ததை நேரில் கண்டு, அதில் புரிந்ததையும் புரியாததையும் சொல்லத் தெரிந்தவர் தனியாகத் தெரிவார்.

விண்ணப்பம் ஏஏகாமஸ் என்ற ஒரே தளம் வழியாகப் போகிறது. டெக்சாஸின் அரசு டிஓ கல்லூரியான டிகாம் அந்த மாநிலத்தின் தனித் தளம் வழியாகச் சேர்க்கிறது. தளம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். கடைசித் தேதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சிலவற்றில் அடுத்த மார்ச், ஏப்ரல் வரை கூட இருக்கும். அந்தத் தேதியை நம்ப வேண்டாம். விண்ணப்பம் வரவர இன்டர்வியூ வைத்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். ஜூன் மாதம் முழுமையாகப் போய்ச் சேர்ந்த 3.45-உம் டிசம்பரில் போய்ச் சேர்ந்த 3.45-உம் ஒன்றல்ல. எம்கேட் முடிவு வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதால் மார்ச், ஏப்ரலில் எழுதிவிடுவது நல்லது.

தாமதம் பெரும்பாலும் டிரான்ஸ்கிரிப்டில்தான் வருகிறது. படித்த ஒவ்வொரு பாடத்தையும் மாணவரே தளத்தில் உள்ளிட வேண்டும்: பாட எண், பெயர், கிரெடிட், கிரேடு. ஆய்வக வகுப்பு ஒரு கிரெடிட்டாகத் தனி வரியில் இருந்தால் அதைத் தனி வரியாகவே போட வேண்டும். விலகிய பாடத்தையும், திரும்ப எடுத்த பாடத்தின் முதல் முறையையும் சேர்க்க வேண்டும். நினைவிலிருந்து போடக் கூடாது. அதிகாரப்பூர்வ நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டும். பிறகு ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் நேரடியாகப் போக வேண்டும். பள்ளிக் காலத்தில் எடுத்த அந்த ஒரே ஒரு கம்யூனிட்டி கல்லூரிப் பாடத்தின் டிரான்ஸ்கிரிப்ட் வரவில்லை என்றால் சரிபார்ப்பே தொடங்காது. பிழை இருந்தால் விண்ணப்பம் திரும்ப வரும், திருத்தி அனுப்பினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். நெரிசல் காலத்தில் சரிபார்ப்புக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஆக ஒரு சின்னக் கவனக்குறைவு இரண்டு மாதத்தைத் தின்றுவிடும். கட்டுரைக்கு இடைவெளியோடு சேர்த்து 5,300 எழுத்துக்குறிகள்தான் இடம்.

இப்போது விண்ணப்பச் செலவு. கட்டணங்கள் ஆண்டுதோறும் சிறிது ஏறும் என்பதால் கிட்டத்தட்டச் சொல்கிறேன். எம்கேட் 350 டாலர் அளவு. ஏஏகாமஸில் முதல் கல்லூரிக்கு ஏறத்தாழ 200, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 50-இலிருந்து 60. 12 கல்லூரி என்றால் 800-ஐத் தாண்டும். அதன்பின் ஒவ்வொரு கல்லூரியும் தன் துணை விண்ணப்பத்தை அனுப்பும்; அதற்குப் பொதுவாக 50-இலிருந்து 130 டாலர் வரை. பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான். 12 கல்லூரிக்கு 1,000 டாலர் ஒதுக்குங்கள். மாதிரித் தேர்வுகளுக்கும் டிரான்ஸ்கிரிப்டுகளுக்கும் சில நூறு. சில கல்லூரிகள் கேஸ்பர் என்ற சூழ்நிலைத் தேர்வையும் கேட்கும். இன்டர்வியூக்கள் 2020-க்குப் பிறகு பெரும்பாலும் ஆன்லைனில் நடப்பதால் விமானச் செலவு குறைந்துவிட்டது. ஆக கோச்சிங் இல்லாமல் 2,500-இலிருந்து 3,500 டாலருக்குள் முடித்துவிடலாம். கோச்சிங் சேர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று ஆயிரம். இடம் கிடைத்தால் முன்பணம் கட்ட வேண்டும். பல கல்லூரிகளில் அது ஆயிரம் டாலரைத் தாண்டும், திரும்ப வராது. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்து இரண்டையும் பிடித்து வைத்தால் இரண்டு முன்பணம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஏஏகாமஸிலும் எம்கேட்டிலும் தனித்தனிக் கட்டணச் சலுகை உண்டு. ஏஏகாமஸ் சலுகையை விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். எம்கேட் சலுகையைத் தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே.

பெரிய தொகைக்கு வருகிறேன். தனியார் டிஓ கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 55,000-இலிருந்து 70,000 டாலர் என்பது சாதாரணம். வாடகை, சாப்பாடு, கார், இன்சூரன்ஸ், தேர்வுக் கட்டணம் சேர்த்தால் ஆண்டுக்கு 95,000 ஆகிவிடும். நான்கு ஆண்டுக்கு 3,80,000 டாலர். முன்பெல்லாம் இதற்கு ஒரே பதில் இருந்தது: மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் முழுத் தொகையையும் தரும். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. மேலே சொன்ன உதாரணத்தில் 1,80,000 டாலர் துண்டு விழுகிறது. பெற்றோர் பெயரில் வாங்கும் மத்தியக் கடன் இளநிலைப் படிப்புக்கு மட்டும்தான், இதற்கு ஆகாது. மிஞ்சுவது சேமிப்பு, உதவித்தொகை, அல்லது தனியார் கடன். தனியார் கடனுக்கு வருமானத்தைப் பொறுத்துத் திருப்பிச் செலுத்தும் வசதி கிடையாது. பொதுச்சேவையில் 120 தவணை கட்டினால் மிச்சத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டத்திலும் அது சேராது. ரெசிடென்சிச் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்டுவது பெரிய பாரம். முழுச் செலவையும் ஏற்று மாதப்படியும் தரும் ராணுவ உதவித்தொகைக்குக் குடியுரிமை கட்டாயம்; பதிலுக்கு ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். பின்தங்கிய பகுதியில் பணியாற்ற ஒப்புக்கொள்பவர்களுக்கான தேசிய சுகாதாரச் சேவை உதவித்தொகையும் குடியுரிமை கேட்கும்.

ஆகவே ஓஹையோவில் இருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஹெரிடேஜ் கல்லூரி. ஏதென்ஸ், டப்ளின், கிளீவ்லாந்து என்று மூன்று வளாகங்கள். அரசுக் கல்லூரி, சொந்த மாநிலத்தவருக்கே முன்னுரிமை, மாநிலவாசிக் கட்டணம் தனியாரைவிட வெகுவாகக் குறைவு. பக்கத்தில் பென்சில்வேனியாவின் எரி நகரில் உள்ள லீகாம், தனியார் கல்லூரிகளில் கட்டணம் குறைந்தவற்றில் ஒன்று. மிச்சிகன் ஸ்டேட் வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் மிக அதிகம். பெயரைப் பார்த்து மட்டும் போட வேண்டாம்.

கட்டணத்துக்கு அடுத்தபடி நான் பார்ப்பது மூன்றாம், நான்காம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. பல டிஓ கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை. மாணவர்களை வெவ்வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். ஓரிடத்தில் ரெசிடென்டுகளோடு சேர்ந்து வார்டு சுற்றும் மாணவரும், இன்னொரு இடத்தில் ஒரே மருத்துவரின் கிளினிக்கில் ஓரமாக நிற்கும் மாணவரும் ஒரே கல்லூரியின் பட்டத்தோடுதான் வெளியே வருவார்கள். இன்டர்வியூவில் மகள் கேட்க வேண்டியவை: அடிப்படைப் பயிற்சிகள் எந்த மருத்துவமனைகளில், இடம் ஒதுக்குவது குலுக்கலிலா விருப்பத்திலா, எத்தனை முறை வீடு மாற வேண்டும், அந்தச் செலவை யார் ஏற்பது. இதுவரை ஒரு பேட்ச் கூட வெளிவராத புதிய கல்லூரி என்றால் மேட்ச் பட்டியலே இருக்காது. அதைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். தேர்வுச் செலவிலும் ஒரு கூடுதல் இருக்கிறது. டிஓ மாணவர்கள் தங்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸ் எழுதியே ஆக வேண்டும். போட்டி அதிகமுள்ள ரெசிடென்சிகளைக் குறிவைப்பவர்கள் எம்டி மாணவர்களின் உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ-யும் சேர்த்து எழுதுகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம், தனித் தயாரிப்பு.

3.45 ஏறுமுகமா இறங்குமுகமா என்று நீங்கள் சொல்லவில்லை. முதலாண்டில் 3.1-இல் தொடங்கி இப்போது 3.7-இல் படிப்பவரைச் சேர்க்கைக் குழு ஒரு மாதிரி பார்க்கும், தலைகீழாக இருந்தால் வேறு மாதிரி. இறங்குமுகம் என்றால் வரும் மே மாதத்தை விட்டுவிட்டு, நான்காம் ஆண்டு முழு மதிப்பெண்ணோடு அடுத்த மே மாதம் விண்ணப்பிக்கட்டும். அந்த இடைவெளி ஆண்டில் மருத்துவமனையில் மருத்துவருக்குக் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலையோ மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலையோ பார்த்தால் சம்பளமும் வரும், டிஓ-வின் கடிதமும் வரும். எச்4 அல்லது எஃப்1 என்றால் வேலைக்கு அனுமதி உண்டா என்பதைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போன பிறகு நடுவில் கிரீன் கார்டு வந்தால், அன்றே எல்லாக் கல்லூரிகளுக்கும் தெரிவித்து ஆவணத்தின் நகலை அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு விண்ணப்பம் என்று ஒதுக்கிவைத்த கோப்பைச் சில கல்லூரிகள் திரும்ப எடுத்துப் பார்க்கும்.